அத்திவாரமும் அசையும் மண்ணும்: சுவர் வெடிப்பை இனங்காணலும் திருத்தலும்



வீட்டுச் சுவரில் வெடிப்பொன்று தோன்றியவுடன் "சீமெந்து காணாது", "மேசன் சரியில்லை" என்று கூறுவது எம்மிடையே வழக்கமாகும். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், மாரியில் மூடிக் கோடையில் திறக்கும் வெடிப்புக்கும், கதவு நிலையின் மூலையிலிருந்து படிபோல ஏறிச் செல்லும் வெடிப்புக்கும் காரணம் சுவரில் இல்லை. அது சுவரின் கீழுள்ள மண்ணில் இருக்கின்றது. மண் அசையாத பொருள் அன்று. நீர் சேர்ந்தால் சில மண்கள் வீங்கும். நீர் அகன்றால் சுருங்கும். சுமை ஏறினால் அமிழும். சரிவில் இருந்தால் வழுக்கும்.

2009ஆம் ஆண்டின் பின்னர் வடக்கில் மீள்குடியேறிய பல குடும்பங்கள், வாழ்நாளில் ஒரு முறை மாத்திரம் கிடைக்கக்கூடிய உதவிப் பணத்தைக் கொண்டு வீடு கட்டின. அத்தகைய வீடு வெடிக்கும்போது, கையிலுள்ள சிறிய தொகையை எதற்குச் செலவிடுவது என்பதே முதற் கேள்வியாகும். பூச்சுக்கும் தீந்தைக்கும் செலவிட்டால் அடுத்த கோடையில் அதே இடம் மீண்டும் திறக்கும். எனவே, வெடிப்பைப் பார்த்துக் காரணத்தை அறிவதையே இப்பாடத்தில் முதலிற் கற்போம். திருத்தும் முறைகள் அதன் பின்னரே வரும்.

அத்திவாரம் செய்யும் வேலை

சுவர், கூரை, தளபாடங்கள் ஆகியவற்றின் சுமையை மண் தாங்கக்கூடிய அளவு பரப்பில் பரப்பிவிடுவதே அத்திவாரத்தின் தொழிலாகும். விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்ற சமன்பாடே இங்கும் பயன்படுகின்றது.

அமுக்கம் = விசை ÷ பரப்பளவு

ஒரு தனிமாடி வீட்டின் சுவரில் 1 மீற்றர் நீளமான பகுதியை எடுத்துக்கொள்வோம். சுவரின் தடிப்பு 0.225 மீற்றர், உயரம் 3 மீற்றர், செங்கற் கட்டின் அடர்த்தி கன மீற்றருக்கு 1900 கிலோகிராம் எனின், சுவரின் திணிவு 0.225 × 3 × 1 × 1900 = 1282.5 கிலோகிராம் ஆகும். அதன் நிறை ஏறத்தாழ 12.8 கிலோநியூற்றன். கூரையிலிருந்து வரும் சுமை 5 கிலோநியூற்றன் என்றும், நிலத்தின் கீழுள்ள கருங்கற் கட்டின் நிறை 9.2 கிலோநியூற்றன் என்றும் கொள்வோம். மொத்தம் 27 கிலோநியூற்றன். அடியிலுள்ள கொங்கிறீற்றுப் படையின் அகலம் 0.6 மீற்றர் எனின், மண்ணின் மீதான அமுக்கம் 27 ÷ 0.6 = 45, அதாவது சதுர மீற்றருக்கு 45 கிலோநியூற்றன் ஆகும்.

இது பெரிய பெறுமானமா? மென்மையான களிமண் சதுர மீற்றருக்கு 75 கிலோநியூற்றன் வரையே தாங்கும் எனவும், உறுதியான களிமண் 75 முதல் 150 வரை தாங்கும் எனவும், நன்கு இறுகிய மணல் 300 இற்கு மேல் தாங்கும் எனவும் கட்டிடப் பொறியியலில் பொதுவாகக் கொள்வர். எனவே நமது வீடு மென்களியின் மீதுகூட நிற்க வேண்டும். கணக்கு அவ்வாறுதான் கூறுகின்றது. இருந்தும் முருங்கனில் வீடுகள் ஏன் வெடிக்கின்றன?

முருங்கனின் கரிய களி

மன்னார் மாவட்டத்தின் முருங்கன் பகுதியிலும், முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பகுதியிலும் காணப்படும் கரிய களிமண்ணை மண்ணியலாளர் குருமுசோல் என அழைப்பர். கட்டுக்கரைக்குளத்தின் கீழ் நெல் விளைவது இந்த மண்ணில்தான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் (1990 உடன் அதன் உற்பத்தி நின்றது) சுண்ணக்கல்லுடன் சேர்ப்பதற்கான களி முருங்கனிலிருந்தே கொண்டுசெல்லப்பட்டது. வயலுக்கும் சீமெந்துக்கும் உதவிய இம்மண் வீட்டுக்கு மட்டும் பகையாக நிற்கின்றது.

காரணம் அதன் கனியத்தில் உள்ளது. இக்களியில் மொன்மொரிலோனைற்று எனும் கனியம் உண்டு. அது மிக மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற அமைப்புடையது. தகடுகளுக்கு இடையிலான பிணைப்பு வலிமை குறைந்ததாகையால் நீர் மூலக்கூறுகள் இடையே புகுந்து அவற்றை விலக்குகின்றன. மண் வீங்குகின்றது. வரட்சியில் நீர் வெளியேறத் தகடுகள் மீண்டும் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கின்றது. இத்தகைய மண்ணில் கோடை காலத்தில் ஒரு சென்ரிமீற்றரிலும் அகன்ற வெடிப்புகள் அரை மீற்றருக்கும் கூடிய ஆழத்துக்குச் செல்லும். ஈரவலயத்துச் செம்மண்ணில் அதிகமாகவுள்ள கயோலினைற்று அவ்வாறானதன்று. அதன் தகடுகள் இறுகப் பிணைந்திருப்பதால் இடையே நீர் புகுவதில்லை.

இனி முன்னைய கணக்குக்குத் திரும்புவோம். வீங்கும் களி மேல்நோக்கித் தரும் அமுக்கம் சதுர மீற்றருக்கு 100 கிலோநியூற்றனையும் தாண்டக்கூடும். வீடு கீழ்நோக்கித் தருவது 45 மாத்திரமே. ஆகவே மாரியில் மண் வீட்டைத் தூக்கும். "அத்திவாரத்தை அகலமாக்கினால் சரிவருமே" என்று சிலர் எண்ணுவர். அகலத்தை 0.9 மீற்றராக்கினால் அமுக்கம் 27 ÷ 0.9 = 30 ஆகக் குறையும். அமிழ்வுக்கு அது நல்லது. வீக்கத்துக்கு அது கெடுதி, ஏனெனில் மண்ணைக் கீழே அழுத்திப் பிடிக்கும் அமுக்கம் இன்னும் குறைந்துவிட்டது. பாரமான மாடிக் கட்டிடத்திலும் பார்க்க இலேசான சிறு வீடு, மதில், மலசலகூடம் என்பன இம்மண்ணில் விரைவில் வெடிப்பது இதனாலேயே. அகலத்தை மாற்றித் தப்ப இயலாது. ஆழத்தையும் நீரையும்தான் கவனிக்க வேண்டும். பரீட்சையில் "வீங்கும் களிமண்ணில் அகன்ற அத்திவாரம் இடல் போதுமானதா?" என்ற வகையில் வினா வந்தால், இவ்விரு கணிப்புகளையும் காட்டி விடையளிக்கலாம்.

சீரான அமிழ்வும் சீரற்ற அமிழ்வும்

வீடு முழுவதும் ஒரே அளவாக 2 சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் சுவர் பெரும்பாலும் வெடிக்காது. ஒரு மூலை மாத்திரம் 2 சென்ரிமீற்றர் இறங்கினால் வெடிக்கும். செங்கற் சுவர் நெருக்கலை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஒரு பகுதி இறங்கி மறுபகுதி நிற்கும்போது சுவரில் இழுவை தோன்றுகின்றது. சாந்து மூட்டுகள் வழியே சுவர் பிளக்கின்றது.

பீசா நகரின் சாய்ந்த கோபுரம் சீரற்ற அமிழ்வுக்கு உலகறிந்த உதாரணமாகும். 1173இல் கட்டத் தொடங்கிய அக்கோபுரம் முற்றுப் பெறுமுன்னரே மென்மண்ணில் ஒரு பக்கம் அமிழலாயிற்று. சாய்வு ஆபத்தான நிலையை அடைந்ததால் 1990இல் மூடப்பட்டது. பொறியியலாளர் என்ன செய்தனர் தெரியுமா? தாழ்ந்த பக்கத்தைத் தூக்கவில்லை. உயர்ந்த பக்கத்தின் கீழிருந்து மண்ணைச் சிறிது சிறிதாகத் துளையிட்டு அகற்றினர். அப்பக்கம் இறங்க, சாய்வு ஏறத்தாழ அரைப் பாகை குறைந்தது. 2001 இறுதியில் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது.

நிலத்தடி நீர் வெளியேறினாலும் நிலம் இறங்கும். மண் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள நீர் சுமையின் ஒரு பங்கைத் தாங்கி நிற்கின்றது. நீர் அகன்றதும் முழுச் சுமையும் துணிக்கைகள் மீது விழ, அவை நெருங்குகின்றன. 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் நிலத்தடி நீர் பெருமளவில் கசிந்தபோது, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதும் வீடுகளின் சுவர்கள் வெடித்ததும் இவ்வகையிலேயே விளக்கப்படும்.

வெடிப்பை வாசித்தல்

முதலில் வெடிப்பின் அகலத்தை அளவுங்கள். பாடசாலை ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியோ மி.மீ. குறித்த அளவுகோலோ போதும். பிரித்தானியக் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தின் வகைப்படுத்தல் பல நாடுகளிலும் பயன்படுகின்றது. அதன்படி 1 மி.மீ. வரையான வெடிப்பு மிகச் சிறியது. தீந்தை பூசும்போதே மறையும். 5 மி.மீ. வரை சிறியது, நிரப்பிப் பூசலாம். 5 முதல் 15 மி.மீ. வரை நடுத்தரமானது, கதவு யன்னல்கள் இறுகும், மழைநீர் உட்புகும். 15 முதல் 25 மி.மீ. வரை கடுமையானது, சுவரின் சில பகுதிகளை இடித்துக் கட்ட நேரிடும். 25 மி.மீ. இற்கு மேற்பட்டால் வீட்டின் உறுதிநிலையே ஐயத்துக்குரியது.

அகலத்திலும் பார்க்கக் கூடுதலாகப் பேசுவது வெடிப்பின் வடிவமாகும். பூச்சில் மாத்திரம் சிலந்தி வலைபோலப் பரவும் மயிரிழை வெடிப்புகள் பூச்சு விரைவில் உலர்ந்ததால் ஏற்படுபவை. அவற்றுக்கும் அத்திவாரத்துக்கும் தொடர்பில்லை. யன்னல் மூலையிலிருந்து சாந்து மூட்டுகள் வழியே படிபடியாகச் செல்லும் சாய்ந்த வெடிப்பு அத்திவார அசைவின் அடையாளம். சுவரின் படத்தை வரைந்து, வெடிப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு கீறுங்கள். அக்கோட்டின் கீழ்நோக்கிய முனை எந்தப் பக்கம் செல்கின்றதோ அந்தப் பக்கம் இறங்கியுள்ளது. அல்லது எதிர்ப்பக்கம் எழும்பியுள்ளது. இரண்டில் எது என்பதை வெடிப்பு மட்டும் சொல்லாது. பருவகாலத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெடிப்பு மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தால் சுவரின் முனைகள் இறங்கியுள்ளன. கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி இறங்கியுள்ளது. கரிய களியில் கோடை வந்தால் வீட்டின் வெளியோரத்து மண் முதலில் உலரும், மூலைகள் இறங்கும், வெடிப்பு மேலே திறக்கும். மழை தொடங்கினால் ஓரங்கள் முதலில் நனைந்து எழும்பும்; வெடிப்பு மூடும். பல ஆண்டுகள் செல்ல, கூரையும் நிலமும் மூடியிருக்கும் நடுப்பகுதியில் ஈரம் தங்கிவிடுவதால், வீட்டு நிலம் நடுவில் ஆமை முதுகு போல எழும்புவதும் உண்டு.

பழைய வீட்டுடன் புதிதாக ஒட்டிக் கட்டிய விறாந்தை அல்லது குசினி சேருமிடத்தில் நிலைக்குத்தாக ஒரு வெடிப்பு வருவதை நீங்கள் பல வீடுகளில் கண்டிருப்பீர்கள். பழைய அத்திவாரம் ஏற்கெனவே அமிழ்ந்து முடிந்தது. புதியது இனித்தான் அமிழப்போகின்றது. இரண்டையும் இறுகப் பிணைத்துக் கட்டியதால் இணைப்பு கிழிகின்றது. இது பெரும்பாலும் ஆபத்தற்றது. அவ்விடத்தில் தொடக்கத்திலேயே ஒரு இடைவெளி மூட்டு விட்டிருக்க வேண்டும்.

கதவு இறுகினால் உடனே அத்திவாரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். மாரியில் பலகையும் வீங்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. கதவு நிலையின் இரு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். நிலை 2.1 மீற்றர் உயரமும் 0.9 மீற்றர் அகலமும் உடையதெனின், பைதகரசின் தேற்றப்படி ஒவ்வொரு மூலைவிட்டமும் ஏறத்தாழ 2.285 மீற்றர் இருக்க வேண்டும். இரண்டும் சமனெனின் வீங்கியது பலகை. ஒன்று மற்றதிலும் ஒரு சென்ரிமீற்றர் கூடியிருந்தால் நிலையே சாய்சதுரம் போலக் கோணியுள்ளது, சுவர் அசைந்துள்ளது. (பதித்த நாளிலேயே கோணலாகப் பதித்த நிலைகளும் உண்டு. ஆகையால் அண்மையில் இறுகத் தொடங்கியதா என வீட்டாரிடம் கேட்டறிக.)

ஓராண்டுப் பதிவு

ஒரு நாள் அளவீட்டைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. வெடிப்பின் இருபுறமும் இரு சிறிய ஆணிகளை அறைந்து, அவற்றுக்கிடையிலான தூரத்தை மாதத்துக்கு ஒரு முறை அளந்து திகதியுடன் எழுதுங்கள். வெடிப்பின் முனையையும் பென்சிலால் குறித்துத் திகதி இடுங்கள். ஐப்பசி மழை, தை மாத முடிவு, ஆவணி வரட்சி ஆகிய மூன்றும் பதிவில் இடம்பெற வேண்டும்.

அளவீடு கூடிக் குறைந்து மீண்டும் பழைய இடத்துக்கு வந்தால் அது வீங்கிச் சுருங்கும் மண். ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால் அது தொடரும் அமிழ்வு. தொழினுட்ப உத்தியோகத்தரைக் காட்டியே ஆக வேண்டும். மாறாமல் நின்றால் அசைவு முடிந்துவிட்டது, வெடிப்பை மூடலாம். எத்தனையோ வீடுகளில் இந்தப் பதிவு ஒன்றே வீண் செலவைத் தடுத்துவிடும். பணம் செலவாகாத சோதனை என்பதாற்போலும், இதனை யாரும் செய்வதில்லை.

வீட்டு நிலத்தின் மட்டத்தைப் பார்க்க மேசன்மார் பயன்படுத்தும் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் போதுமானது. குழாயின் இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும் என்ற தத்துவம் உங்களுக்குத் தெரிந்ததே.

செயற்பாடு: சுயாதீன வீக்கச் சோதனை

தேவையானவை: 100 மி.லீ. அளவுச்சாடி, உலர்த்திப் பொடித்து மெல்லிய அரிதட்டில் அரித்த மண், நீர்.

மண்ணை ஒரு மீற்றர் ஆழத்திலிருந்து எடுக்கவும். மேல்மண்ணில் சேதனப் பொருள்கள் கலந்திருக்கும். உலர்ந்த பொடியில் 10 மி.லீ. அளந்து, நீர் நிரம்பிய அளவுச்சாடியினுள் மெதுவாகத் தூவி, 24 மணித்தியாலம் அசையாது வைக்கவும். அடியில் படிந்த மண்ணின் கனவளவை வாசிக்கவும். 18 மி.லீ. எனின், வீக்கம் (18 − 10) ÷ 10 × 100 = 80 சதவீதம். 50 சதவீதத்துக்குக் குறைந்த மண்ணில் இலேசான கட்டிடங்களுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. 100 சதவீதத்தைத் தாண்டினால் கடும் சேதத்துக்கு இடமுண்டு. மணலைக் கொண்டும் இதே சோதனையைச் செய்து ஒப்பிடுக. மணலின் கனவளவு ஏறக்குறைய மாறாதிருக்கும்.

திருத்தல்: முதலில் நீர்

கரிய களியில் வீட்டை அசைப்பது ஈரத்தின் ஏற்ற இறக்கமாகும். ஆகையால் முதலில் திருத்த வேண்டியது சுவரன்று. நீர் செல்லும் வழியாகும். கூரைநீர் சுவரடியில் விழாதவாறு பீலி அமைத்து நீரைத் தூரக் கொண்டுசெல்ல வேண்டும். குளியலறைக் கழிவுநீரும் குசினிக் கழிவுநீரும் சுவரோரம் தேங்கக் கூடாது. குசினிக்குப் பின்னால் கழிவுநீரில் வாழை வளர்ப்பது எமது வழக்கம். நல்ல வழக்கந்தான், ஆனால் வாழைப் பாத்தி சுவரை ஒட்டி இருந்தால் அந்த மூலை ஆண்டு முழுவதும் வீங்கியபடியே இருக்கும், எதிர் மூலையோ கோடையில் சுருங்கும். பாத்தியைச் சில மீற்றர் தள்ளி வைப்பதற்கு ஒரு சதமும் தேவையில்லை.

வீட்டைச் சுற்றி ஒரு மீற்றருக்குக் குறையாத அகலத்தில் கொங்கிறீற்றுத் தளம் இடுவது அடுத்த வேலை. அது வெளிப்புறமாக மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் சரிந்திருத்தல் வேண்டும். தளமும் சுவரும் சேருமிடத்தைச் சாந்தால் இறுக்காது தார் இட்டு அடைக்கவும். இல்லாவிடில் தளம் அசையும்போது சுவரையும் இழுக்கும். இத்தளம் மாரியில் நீர் உட்புகுவதையும் கோடையில் ஈரம் வெளியேறுவதையும் தடுத்து, அத்திவாரத்தின் கீழுள்ள ஈரத்தை ஓரளவு மாறாது வைக்கின்றது.

மரங்களைப் பற்றியும் கூறவேண்டும். வளர்ந்த மரம் கோடையில் மண்ணிலுள்ள நீரைப் பெருமளவில் உறிஞ்சும். களிமண்ணில் மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரத்தில் வீடு இருப்பது பாதுகாப்பானது. ஆனால் ஏற்கெனவே சுவரருகில் நிற்கும் பெரிய வேம்பை ஒரே நாளில் தறித்துவிடாதீர்கள். அது உறிஞ்சிய நீர் இனி மண்ணிலே தங்கும். பல ஆண்டுகளாகச் சுருங்கியிருந்த களி வீங்கி வீட்டைத் தூக்கும். கிளைகளை ஆண்டுதோறும் கத்தரித்து அளவாக வைத்திருப்பதே சிறந்தது.

பின்னர் சுவர்

நீரை ஒழுங்குபடுத்தியபின் ஒரு மாரியும் ஒரு கோடையும் கழியட்டும். அதன் பின்னரும் ஆணிகளின் தூரம் மாறாது நின்றால் வெடிப்பை மூடலாம். சிறு வெடிப்பெனின் பூச்சை இருபுறமும் வெட்டி அகற்றி, நனைத்து, புதுச் சாந்தால் நிரப்பினால் போதும். பெரிய வெடிப்பைக் கம்பியிட்டுத் தைக்க வேண்டும். நாலைந்து வரிக்கு ஒரு வரி வீதம் சாந்து மூட்டைச் சுரண்டி எடுத்து, வெடிப்பின் இருபுறமும் அரை மீற்றர் வீதம் செல்லும் 6 மி.மீ. கம்பியை வைத்து, 1:3 சீமெந்துச் சாந்தால் இறுக மூடவும். சுவரில் இல்லாத இழுவை வலிமையைக் கம்பி கொடுக்கின்றது.

அத்திவாரத்தின் கீழே தோண்டிப் புதிய கொங்கிறீற்று இடும் முறையும் உண்டு. நீர்வழியைச் சீராக்கிய பின்னரும் ஒரே திசையில் அமிழ்வு தொடர்ந்தால் மாத்திரமே இதற்குப் போக வேண்டும். தனிமாடி வீட்டுக்கு இது பெருஞ் செலவு. சுவரின் நீளத்தை ஒரு மீற்றரளவு துண்டுகளாகப் பிரித்து 1, 4, 2, 5, 3, 6 என்றவாறு, அடுத்தடுத்த துண்டுகள் ஒரே வேளையில் திறவாத ஒழுங்கில் தோண்டுவர். ஒன்றுக்குக் கொங்கிறீற்று இட்டு, அது இறுகி, பழைய அத்திவாரத்துக்கும் புதியதற்கும் இடையிலான இடைவெளியை ஈரம் குறைந்த சாந்தால் இடித்து இறுக்கிய பின்னரே அதற்கடுத்த துண்டைத் திறக்கலாம். சுவரின் முழு நீளத்தையும் ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் தோண்டுபவர் மீதே விழும். பொறியியலாளரோ தொழினுட்ப உத்தியோகத்தரோ இல்லாமல் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது.

புதிதாகக் கட்டுபவர் இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. அத்திவாரத்தின் கீழும் புறமும் உள்ள கரிய களியை அகற்றி மணலோ கிறவலோ இட்டு நீர்விட்டு இடித்து இறுக்குதல், பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் ஆழத்துக்குக் கீழே அத்திவாரத்தைக் கொண்டுசெல்லுதல், தரை மட்டத்திலும் யன்னல் தலை மட்டத்திலும் வீட்டைச் சுற்றிக் கம்பியிட்ட கொங்கிறீற்று வளை அமைத்தல் ஆகியன வழக்கமான முறைகளாகும். இந்தியாவின் கரிசல் மண்ணுக்கென றூர்க்கியிலுள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம், அடியில் குமிழ்போல அகன்ற கொங்கிறீற்றுத் தூண்களைத் துளையிட்டு வார்க்கும் முறையை விருத்தி செய்தது. ஈரம் மாறாத ஆழத்தில் அக்குமிழ் நங்கூரம் போல மாட்டிக்கொள்வதால் வீடு எழும்பவும் இல்லை, இறங்கவும் இல்லை. முருங்கனின் களியும் இதே இயல்புடையதே.

திருத்தக் கூடாத வெடிப்பு

இதுவரை கூறியவை சமதரைக்குரியன. மலைநாட்டில் வசிக்கும் மாணவர்கள் பின்வருவதைக் கட்டாயம் வாசிக்கவும். சரிவில் உள்ள வீட்டின் சுவரில் மாத்திரமன்றி முற்றத்திலும் நிலம் பிளந்தால், அப்பிளவு பிறை வடிவில் சரிவுக்குக் குறுக்கே சென்றால், மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தால், முன்பு நீரில்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினால் அல்லது ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினால், அது அத்திவாரப் பிரச்சினை அன்று. மலைச்சரிவே நகரத் தொடங்கியுள்ளது. அங்கு சாந்தும் கம்பியும் பயன்படா. ஆணி அறைந்து ஓராண்டு பார்த்திருப்பதற்கும் நேரமில்லை. உடனே வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவிக்க வேண்டும்.

2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன் வீடுகளைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் போவதற்கு வேறிடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதனை விளங்கிக்கொள்ள வேண்டும்.

அந்நிறுவனத்தின் மழை அளவுகோலையும் மனத்தில் வைத்திருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும்; 100 மி.மீ. எனின் வெளியேற ஆயத்தமாக வேண்டும்; 150 மி.மீ. எனின், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மி.மீ. எனின், வெளியேற வேண்டும். நேர்ப்பக்கங்களைக் கொண்ட போத்தலொன்றும் அடிமட்டமும் இருந்தால் மழைமானியொன்றை நீங்களே செய்து முற்றத்தில் வைக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு சுவரின் 1 மீற்றர் நீளம் அத்திவாரத்தின் மீது தரும் மொத்தச் சுமை 36 கிலோநியூற்றன். அடியின் அகலம் 0.6 மீற்றர். (அ) மண்ணின் மீதான அமுக்கத்தைக் காண்க. (ஆ) சதுர மீற்றருக்கு 50 கிலோநியூற்றன் மாத்திரம் தாங்கும் மென்களியில் இவ்வத்திவாரம் பொருத்தமானதா? (இ) பொருத்தமாவதற்கு இருக்க வேண்டிய ஆகக் குறைந்த அகலம் யாது?

(விடை: 60, பொருத்தமற்றது, 0.72 மீற்றர். அகலத்தைக் கூட்டும்போது அத்திவாரத்தின் நிறையும் சிறிது கூடும் என்பதைக் குறிப்பிடுக.)

2. ஒரு வீட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள வெடிப்பு ஆவணியில் 6 மி.மீ., மார்கழியில் 1 மி.மீ., அடுத்த ஆவணியில் 6 மி.மீ. என அளவிடப்பட்டது. இம்மண் எத்தகையது? வீட்டுச் சொந்தக்காரர் முதலிற் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைக் காரணத்துடன் கூறுக.

3. சுவரருகில் நின்ற 12 மீற்றர் உயரமான மரம் தறிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளின் பின்னர் வீட்டு நிலம் எழும்பியது. இதனை விளக்குக.

4. ஒரே வீட்டில் யன்னல் மூலையில் 3 மி.மீ. சாய்ந்த வெடிப்பும், முற்றத்தில் சரிவுக்குக் குறுக்கே 2 சென்ரிமீற்றர் பிளவும் காணப்படுகின்றன. எதனை அவசரமாகக் கருதுவீர்? ஏன்?

(குறிப்பு: நான்காம் வினாவுக்குச் சுவர் திருத்தும் முறைகளை எழுதினால் புள்ளி கிடைக்காது. வெளியேறுதலும் அறிவித்தலுமே எதிர்பார்க்கப்படும் விடை.)